மாடலில் காலி இடத்தையும் வரையுங்கள்: ஒரு தொழிற்சாலை லேஅவுட் அனுபவம்

பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் எங்கள் புது மோல்டிங் ஷாப் ஓடத் தொடங்கி ஏழாவது மாதம். 850 டன் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் ஒன்றில் (850 டன் என்பது மோல்டை மூடிப் பிடிக்கும் விசை) பிளாஸ்டிக்கை உருக்கி மோல்டுக்குள் தள்ளும் ஸ்க்ரூ தேய்ந்துவிட்டது, வெளியே எடுக்க வேண்டும், கொஞ்சம் வந்து பாருங்கள் என்று மெயின்டனன்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். போனால் நான்கு பேர் மெஷினை விட்டுவிட்டுப் பக்கத்துத் தூணையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மெஷினில் ஸ்க்ரூவை எடுக்க, இன்ஜெக்‌ஷன் யூனிட்டை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். திருப்பியதும், ஸ்க்ரூ சுழலும் குழாயான பேரலின் வாய் மெஷினுக்கு வெளியே சாய்வாகப் பார்க்கும். முனையைக் கழற்றிவிட்டு அந்த வாய் வழியாக ஸ்க்ரூவை முன்பக்கம் இழுப்பார்கள். ஸ்க்ரூவின் நீளம் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். பேரலின் வாய்க்கும் தூணுக்கும் நடுவில் இருந்த இடம் 1.1 மீட்டர்.

அந்த லேஅவுட்டைப் போட்டவன் நான். கட்டடம், மெஷின், பைப், கேபிள் ட்ரே எல்லாவற்றையும் ஒரே பிம் மாடலில், அதாவது கட்டடத் தகவலோடு கூடிய முப்பரிமாண மாடலில் சேர்த்து, எது எதில் இடிக்கிறது என்று சாஃப்ட்வேரே தேடும் கிளாஷ் சோதனை ஓட்டி, மெஷினுக்கும் கட்டடத்துக்கும் மோதல் பூஜ்யம் என்ற அறிக்கையில் கையெழுத்தும் போட்டிருந்தேன். அறிக்கையில் தப்பில்லை. மெஷின் தூணில் இடிக்கவில்லைதான். ஆனால் மெஷினைப் பிரிக்கும்போது உள்ளேயிருந்து வரும் பொருள் எந்தப் பக்கம் வரும், எவ்வளவு தூரம் வரும் என்பதை நான் மாடலுக்குச் சொல்லவே இல்லை.

கடைசியில் இன்ஜெக்‌ஷன் யூனிட்டை முழுதாகக் கிரேனில் தூக்கி, வேறு இடத்தில் வைத்து ஸ்க்ரூவை எடுத்தார்கள். ஒரு ஷிப்டில் முடிய வேண்டிய வேலை நான்கு ஷிப்ட் பிடித்தது. ஃபோர்மேன் கோபப்படவில்லை. "தம்பி, ஓடுற மெஷினுக்குத்தான் இடம் போட்டிருக்கீங்க. கழட்டுற மெஷினுக்குப் போடலையே" என்றார். அன்று இரவு மாடலைத் திறந்து ஒவ்வொரு மெஷினாகப் பார்த்தேன். இன்னும் மூன்று இடங்களில் இதே பிரச்சினை காத்திருந்தது.

அதற்குப் பிறகு நான் மாடல் போடும் முறையே மாறிவிட்டது. இப்போது ஒவ்வொரு மெஷினுக்கும் மூன்று உருவம் வரைகிறேன். முதலாவது மெஷினின் உடல். இரண்டாவது, ஓடும்போது அது பிடிக்கும் இடம்: திறக்கும் கதவுகள், நீளும் ரோபோ கை, மோல்டு மாற்றும்போது மேலே போகும் பாதை, ஆபரேட்டர் நிற்கும் இடம். மூன்றாவது, பிரிக்கும்போது பிடிக்கும் இடம்: ஸ்க்ரூ, மோட்டார், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் டியூப் கட்டு, ஃபில்டர், எலெக்ட்ரிக்கல் பேனலின் கதவு, அதன் முன்னால் நிற்கும் எலெக்ட்ரீஷியன். இரண்டாவதையும் மூன்றாவதையும் நிறம் கொடுத்த, ஊடுருவிப் பார்க்கக்கூடிய பெட்டிகளாக வரைந்து வைப்பேன். கிளாஷ் சோதனையில் அவையும் திடப்பொருள் மாதிரியே சேரும்.

பெட்டிகளுக்குள் ஒரு வேறுபாடு வைக்க வேண்டும். ஓட்டத்துக்கான பெட்டியில் எதுவும் நுழையக் கூடாது. பிரிப்பதற்கான பெட்டிகளோ ஒன்றோடொன்று மேற்படலாம்; பக்கத்துப் பக்கத்து மெஷின் இரண்டையும் ஒரே நாளில் பிரிக்கப்போவதில்லை. இந்த விதியைச் சாஃப்ட்வேரில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒன்று, இடம் வீணாகும். இல்லையென்றால் அறிக்கையில் பொய் மோதல்கள் குவிந்து நிஜ மோதலை மறைத்துவிடும்.

பிரிப்பதற்கான அளவு மெஷின் தயாரிப்பாளரின் மேனுவலில் எங்காவது இருக்கும். ஆனால் அவர்கள் லேஅவுட்டுக்கு அனுப்பும் கோப்பில் பெரும்பாலும் இருக்காது. அங்கே வேறொரு தொல்லை. ஒரு போல்ட் விடாமல், உள்ளே இருக்கும் பேரிங் வரை வரைந்த ஸ்டெப் கோப்பை, அதாவது மெஷின் வடிவமைப்பின் முப்பரிமாணக் கோப்பை அனுப்பிவிடுவார்கள். இருபது மெஷின் சேர்ந்ததும் மாடல் நகராது. அதை அப்படியே கட்டட மாடலுக்குள் இழுத்து, ஐஎஃப்சியாக ஏற்றுமதி செய்தால் பெரும்பாலும் 'பிராக்ஸி' என்ற பொதுப்பெயரில் போய் உட்காரும். அதைப் பெறுகிறவருக்கு அது பம்ப்பா, பிரஸ்ஸா, பீரோவா என்று தெரியாது. ஐஎஃப்சி என்பது வெவ்வேறு சாஃப்ட்வேர்கள் கட்டடத் தகவலைப் பரிமாறிக்கொள்ள உதவும் பொது வடிவம். 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணில் முழு சர்வதேசத் தரமாக வந்தது. சுவர், தூண், பீம், பைப் எல்லாவற்றுக்கும் அதில் நல்ல இடம் உண்டு. உற்பத்தி மெஷின்களுக்கு நாமேதான் பெயரும் பண்புகளும் எழுதிச் சேர்க்க வேண்டும்.

அதனால் மெஷின் ஆர்டர் போடும்போதே கேட்டு வாங்கிவிடுகிறேன்: வெளி உருவம் மட்டும் உள்ள எளிய மாடல், மின்சாரம், காற்று, கூலிங் வாட்டர், டிரெயின் இணையும் புள்ளிகளும் அவற்றின் அளவும், ஒவ்வொரு காலிலும் இறங்கும் எடை, ஆங்கர் போல்ட் இடங்கள், ஓடும்போதும் பிரிக்கும்போதும் தேவைப்படும் இடம், தனியாகத் தூக்க வேண்டிய பாகங்களில் மிகக் கனமானது எது, அதன் எடை என்ன. தயாரிப்பாளர்களும் இதைத் தயங்காமல் கொடுக்கிறார்கள். உள் வடிவமைப்பை வெளியே காட்ட வேண்டியதில்லை என்பது அவர்களுக்கும் நிம்மதி. ஆர்டர் போட்டு முன்பணம் போன பிறகு கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து, எல்லோருக்கும் பொதுவான பூஜ்யப் புள்ளி. சின்ன விஷயம்போலத் தெரியும். என் அனுபவத்தில் அதிக நாட்களைத் தின்றது இதுதான். கட்டட மாடல் நில அளவையின் ஆயங்களில் இருக்கும். மெஷின் மாடலுக்கு அதன் நடுப்புள்ளிதான் பூஜ்யம். பைப் ஒப்பந்தக்காரர் தனக்கு வசதியான மூலையை எடுத்திருப்பார். ஒருவர் மில்லிமீட்டர், ஒருவர் மீட்டர். ஒருவர் கட்டடத்தை வடக்குக்கு நேராக வைத்திருப்பார், இன்னொருவர் நிலத்தில் இருக்கும் கோணத்திலேயே விட்டிருப்பார். எல்லாம் ஒன்றாகத் திறக்கும்போது மெஷின்கள் கட்டடத்துக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி மிதந்தால் பரவாயில்லை. தப்பு கண்ணில் பட்டுவிடும். 200 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்தான் ஆபத்து.

எங்களுக்கு அதுவும் நடந்தது. ஸ்டீல் ஷெட்டின் ஓரத்துத் தூண்களில், தூண் வரிசையைக் குறிக்கும் கிரிட் கோடு தூணின் நடுவில் ஓடவில்லை, வெளி முகத்தில் ஓடியது. நடுத் தூண்களில் மட்டும் நடுவில். லேஅவுட் போட்ட என் சகா எல்லாத் தூணுக்கும் நடுவையே எடுத்துக்கொண்டார். ஒரு வரிசை முழுக்க சுவர்ப்பக்கம் நெருங்கிவிட்டது. மெஷின் அடிக்கட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோதுதான், டேப் பிடித்துப் பார்த்த மேஸ்திரி ஒருவர் கண்டுபிடித்தார். கான்கிரீட் ஊற்ற இன்னும் இரண்டு நாள் இருந்ததால் தப்பித்தோம்.

அதே ஷெட்டில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். அந்த வகைத் தூண்கள் கீழே ஒல்லியாகவும் மேலே போகப்போக அகலமாகவும் இருக்கும். தரை மட்டத்தில் 300 மில்லிமீட்டர் இருந்த தூண், கூரையைத் தொடும் தோள்பகுதியில் 900 ஆகியிருந்தது. தரைப்பட வரைபடத்தில் நாம் பார்ப்பது அந்த 300ஐத்தான். தூணை ஒட்டி, கை சுற்றிச் சுழலும் ஒரு ஜிப் கிரேன் வைத்திருந்தோம். படத்தில் கை தாராளமாகச் சுற்றியது. முப்பரிமாண மாடலில் கையின் சுழல்பாதையையும் திடப்பொருளாக வரைந்து ஓட்டியபோது, நாலரை மீட்டர் உயரத்தில் தூணின் உள் முகத்தில் இடித்தது. குறுக்கே போகும் பிரேசிங் கம்பிகளும் அப்படித்தான். இரு பரிமாணப் படத்தில் வெறும் புள்ளிக்கோடு, நிஜத்தில் கதவு வைக்க முடியாத இடம். மாடல் முழுதாகத் தன் கூலியைக் கொடுத்துவிட்டது என்று நான் உணர்ந்த நாள் அது.

கிரேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓவர்ஹெட் கிரேன் ஓடும், இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவிலான பகுதி முழுவதையும் கிரேன் எட்டும் என்று நிறம் அடித்துவிடுகிறோம். ஹூக் தண்டவாளத்தை ஒட்டி வராது. டிராலியும் ஓரத்து வண்டியும் தங்களுக்கு இடம் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் போய்விடும், கிரேனைப் பொறுத்து இன்னும் கூடவும் செய்யும். அந்தப் பகுதியின் இரு முனைகளிலும் ஸ்டாப்பர் நிற்கும் இடத்தைக் கழிக்க வேண்டும். ஆகவே, கிரேனின் டேட்டா ஷீட்டில் உள்ள ஹூக் எல்லையை எடுத்து, அந்த அளவுக்கு ஒரு பெரிய பெட்டியாக மாடலில் வைத்துவிடுங்கள். கிரேனால் தூக்க வேண்டிய எந்தப் பொருளின் மையமும் அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்கக் கூடாது.

உயரக் கணக்கும் அப்படித்தான். மெஷினின் மேல் உயரம், அதற்கு மேல் பாதுகாப்பு இடைவெளி, மோல்டின் உயரம், சங்கிலி அல்லது ஸ்லிங் எடுக்கும் உயரம், ஸ்பிரெடர் பீம் இருந்தால் அதுவும். கூட்டி வருவதுதான் ஹூக் ஏற வேண்டிய உயரம். ஸ்லிங் எடுக்கும் உயரத்தை மறந்துவிட்டு, மோல்டை மெஷின் தலைக்கு மேல் தாண்ட முடியாமல் சுற்றுவழியில் கொண்டுபோகும் ஷாப்பை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய மெஷின்கள் உள்ளே வரும் வழியையும் மாடலிலேயே நடத்திப் பாருங்கள். டிரெய்லர் எங்கே நிற்கும், எந்தக் கதவு, கதவின் நிகர உயரம் எவ்வளவு, எந்தத் திருப்பத்தில் நீளமான பாகம் மாட்டும், போகும் வழியில் தரைக்கடியில் டிரெயினோ குழியோ இருக்கிறதா, அதன் மூடி அந்த எடையைத் தாங்குமா. மெஷின் வரும் நாளில் எந்தச் சுவர் எழும்பியிருக்கும், எந்தச் சுவர் எழும்பியிருக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாடலில் கால அட்டவணையை இணைத்தால் இது தெளிவாகத் தெரிகிறது. மற்ற இடங்களில் அந்தக் காலப்பரிமாணம் எனக்குப் பெரிதாக உதவியதில்லை. இந்த ஒரு வேலைக்கு மட்டும் கட்டாயம் செய்கிறேன்.

பழைய ஷெட்டை மாற்றி அமைக்கும் வேலை என்றால், கையில் இருக்கும் பழைய வரைபடத்தை நம்பி ஒரு கோடுகூடப் போடாதீர்கள். லேசர் ஸ்கேன் எடுங்கள். இன்றைய ஸ்கேனர்கள் வினாடிக்குப் பல லட்சம் புள்ளிகளை அளக்கின்றன; அந்தப் புள்ளிக் கூட்டத்தை, பாயின்ட் கிளவுட் என்பார்கள், அப்படியே மாடலுக்குள் கொண்டுவந்து மேலே வைத்துப் பார்க்கலாம். நாங்கள் எடுத்தபோது வரைபடத்தில் இல்லாத இரண்டு ஏர் லைன், யாரோ பின்னாளில் பற்றவைத்த ஒரு பிராக்கெட், 60 மீட்டர் நீளத்தில் 38 மில்லிமீட்டர் மட்டம் மாறும் தரை எல்லாம் வெளியே வந்தன. தரை மட்டம் தெரிந்ததால்தான் கன்வேயர் கால்களை முன்கூட்டியே நீட்டிச் சுருக்கும் வகையாக மாற்றிக் கேட்க முடிந்தது.

ஸ்கேன் எடுப்பதிலும் சில பாடங்கள். உற்பத்தி நிற்கும் நாளில் எடுங்கள். ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டும் நடக்கும் ஆட்களும் புள்ளிகளில் மங்கலான நிழல்களாகப் பதிந்து, பிறகு துடைத்தெடுக்க நேரம் பிடிக்கும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கண்ணாடியும் தவறான புள்ளிகளைக் கொடுக்கும். முக்கியமாக, லேசர் பார்வை பட்ட இடத்தை மட்டும்தான் அளக்கும். தரைக்கடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எங்கள் ஸ்கேன் மிகச் சுத்தமாக வந்தது; அந்த மகிழ்ச்சியில் தரையடியை மறந்தோம். அடிக்கட்டுக்குத் தோண்டியதும் கைவிடப்பட்ட பழைய டிரெயின் ஒன்று குறுக்கே வந்தது. இப்போது ஸ்கேனோடு தரை ஊடுருவும் ராடார் சோதனையும் எடுக்கிறோம். அங்கே நெடுநாள் வேலை பார்த்தவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடக்கிறோம். ராடார் காட்டும் கோடு எதனுடையது என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

சரி, மாடல் தயார். முதல் கிளாஷ் சோதனையில் நாலாயிரத்துச் சொச்சம் மோதல்கள் வந்தன. பதற வேண்டாம். அதில் பெரும்பகுதி ஒரே தவறின் நூறு நிழல்கள்தான். ஒரு கேபிள் ட்ரே 100 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் அது கடக்கும் ஒவ்வொரு பைப்பும் ஒரு மோதலாக வரும். நாங்கள் ஒரு வரிசை வைத்துக்கொண்டோம்: எதை நகர்த்த முடியாதோ அதற்கு முதல் இடம். கட்டடத்தின் ஸ்டீல் நகராது. அடுத்து, சரிவில் ஓட வேண்டிய டிரெயின் பைப். பிறகு காற்று போகும் பெரிய டக்ட். பிறகு கேபிள் ட்ரே. பெரிய கேபிளை ஒரு எல்லைக்கு மேல் வளைக்க முடியாது. கடைசியாகச் சிறிய பைப்புகள், இவைதான் வழிவிட வேண்டும். இந்த வரிசையை எல்லா ஒப்பந்தக்காரர்களும் முதல் கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

தீ பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்லரையும் விட்டுவிடாதீர்கள். அடுக்கிய சரக்கின் உச்சிக்கும் ஸ்பிரிங்க்லரில் தண்ணீரைச் சிதறவிடும் தட்டான டிஃப்ளெக்டருக்கும் நடுவில், அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரமான என்எஃப்பிஏ 13 சாதாரண ஸ்பிரே வகைக்கு 18 அங்குலமும், தீயை ஆரம்பத்திலேயே அடக்கும் ஈஎஸ்எஃப்ஆர் வகைக்கு 36 அங்குலமும் கேட்கிறது. இந்த இடைவெளியையும் ஒரு பெட்டியாக வரைந்துவிட்டால், கடைசி நேரத்தில் ரேக்குக்கு மேல் ஒரு தட்டு சேர்க்க வருகிறவரை மாடலே நிறுத்திவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. முப்பரிமாண மாடலைச் சீக்கிரம் திறக்காதீர்கள். அது பார்க்க முடிந்துபோன வேலைபோல இருக்கும். யாரும் "இந்தப் பிரிவு ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்க மாட்டார்கள், பைப்பின் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எதற்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு தொழிற்சாலை லேஅவுட் முறைகளை வகுத்த அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் முத்தரின் உறவு அட்டவணை இன்றும் போதும். ஒவ்வொரு இரண்டு பிரிவுக்கும் ஒரு எழுத்து: கட்டாயம் ஒட்டியிருக்க வேண்டும் என்றால் ஏ, அதிலிருந்து ஈ, ஐ, ஓ, யூ என்று இறங்கி, பக்கத்தில் இருக்கவே கூடாது என்றால் எக்ஸ். நான் அதைக் காகிதத்தில் போட்டு, பிரிவுகளை அட்டைத் துண்டுகளாக வெட்டி மேஜையில் நகர்த்தி, இரண்டு மூன்று மாற்றுகள் முடிவான பிறகே மாடலுக்குப் போகிறேன். பொருள் ஓட்டம் தப்பாக இருந்தால், மோதல் இல்லாத மாடல் அந்தத் தப்பை மில்லிமீட்டர் துல்லியமாகக் கட்டிக்கொடுக்கும்.

மாடல் பாதி வளர்ந்ததும் ஆபரேட்டர்களைக் கூப்பிடுங்கள். கண்ணில் மாட்டும் விஆர் கருவி இருந்தால் நல்லது, பெரிய திரையே போதும். முக்கியம், அவர்கள் கண் உயரத்தில் கேமராவை வைப்பது. அசெம்பிளி செல் ஒன்றைக் காட்டியபோது மூத்த ஆபரேட்டர் ஒருவர், "சார், நான் இங்க நின்னா அந்த லைட்டு எனக்குத் தெரியாதே. கன்வேயர் நின்னது எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சிக்னல் விளக்கு ஒரு டக்ட்டுக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் ஆறு பேர் வாரக்கணக்கில் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவரும் அவர் இடத்தில் நின்று பார்க்கவில்லை. பொறியாளர் பார்வை கூரையைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் பார்வை. அந்த ஷாப்பில் வேலை செய்யப்போகிறவர் அப்படிப் பார்ப்பதே இல்லை. இதை நான் இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

ஷாப் ஓடத் தொடங்கிய பிறகு மாடல் என்ன ஆகிறது? பெரும்பாலான இடங்களில் அப்படியே தூங்குகிறது. ஆறு மாதத்தில் நாலு பைப் மாறும், ஒரு மெஷின் நகரும், மாடல் மறுபடி அந்தப் பழைய வரைபடத்தின் கதைக்கே வந்துவிடும். எங்களுக்கு வேலை செய்த வழி ஒன்றைச் சொல்கிறேன். கட்டடத்தில் எதைப் பற்றவைக்கவும் துளைக்கவும் வேலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் அல்லவா? அந்தச் சீட்டை முடித்து மூடுவதற்கான கட்டங்களில், மாடலில் மாற்றம் பதிந்தாயிற்றா என்று ஒரு கட்டம் சேர்த்தோம். மாற்றம் செய்தவர் போனில் ஒரு படமும் இரண்டு அளவும் அனுப்பினால் போதும், வரைவது எங்கள் பொறுப்பு. தனியாக ஒரு நடைமுறை, தனியாக ஒரு படிவம் என்று வைத்திருந்தால் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. மாடலில் பச்சைப் பெட்டியாக நான் காத்து வைத்த இடம், ஷாப்பில் வெறும் காலித் தரை. காலித் தரையில் மறுநாளே பேலட் வந்து உட்கார்ந்துவிடும். அது அவ்வளவு மாதம் காலியாக இருக்கக் காரணம் அங்கே நிற்பவருக்குத் தெரியாது. ஒரு தடவை அப்படி ஒரு இடத்தில் டூல் அலமாரியைப் போல்ட் போட்டே நிறுத்திவிட்டார்கள். அதைக் கழற்றிய அன்றே, பிரிப்பதற்கான பெட்டிகள் எல்லாவற்றின் அடிப்பரப்பையும் மாடலிலிருந்து எடுத்து, தரையில் அதே அளவுக்குக் கோடு போட்டோம். கோட்டுக்குள் மெஷின் எண்ணும், எதற்கான இடம் என்பதும் எழுதினோம். 850 டன் மெஷினைப் பிறகு இரண்டு மீட்டர் நகர்த்தி வைத்தோம். அதன் பக்கத்தில் இப்போது 'ஸ்க்ரூ எடுக்கும் இடம்' என்று எழுதியிருக்கிறது. அந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது ஃபோர்மேன்.